மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஒரு பூ

“ஏய், பூவுக்கெல்லாம் மூஞ்சி தொடச்சு விடுறதுதான் இப்ப உன் வேலையா?”

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டவள், போன வருடம் வரை என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள். அவளோடு வந்த சீருடைகளெல்லாம் சிரித்தன. எனக்குப் பதிலெல்லாம் எப்போதும் வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைக்கும்போதுதான் வரும்.

அவள் கேட்டதில் பொய்யில்லை. நான் சித்தியோடு வேலைக்குப் போனது சூரியகாந்தி ஆராய்ச்சிப் பண்ணைக்கு. வண்டிக்கு டீசலாக ஊற்றும் எண்ணெய் எந்த ரகத்தில் அதிகம், எது எங்கள் வெயிலைத் தாங்கும் என்று பார்க்க வரிசை வரிசையாக நட்டிருந்தார்கள். ரகங்கள் கலந்துவிடக் கூடாதென்று பூ விரியும் முன்பே துணிப்பை மாட்டிவிடுவோம். பைக்குள் தேனீ போக முடியாது. அதனால் தினமும் காலையில் பையைக் கழற்றி, பஞ்சுத்துணியால் பூவை மெதுவாக ஒற்றி, மகரந்தத்தைப் பரப்பிவிட்டு மறுபடி மூட வேண்டும். ஆராய்ச்சிக்கார அக்கா என்னைத் தேனீ என்றுதான் கூப்பிடுவார்.

வேலியோர வரிசை ஏழாம் நம்பர். இடுப்பளவு உயரம்தான், அதனால் எங்களுக்குக் குட்டச்சி. காற்றடித்தால் மற்றதெல்லாம் சாயும், அவள் நிற்பாள். அக்கா பல வருடம் பொறுக்கிப் பொறுக்கி எடுத்த ரகம்.

“இதுல மணி பிடிச்சா போதும்டி, பெரிய வயலுக்குப் போயிரும். இல்லேன்னா மூட்டை கட்டச் சொல்லிருவாங்க” என்றார் அக்கா.

“யாரை, குட்டச்சியையா?” என்றார் டிராக்டர் அண்ணன்.

“அவளையும் என்னையும்தான்.”

“அவ தேறிருவாக்கா. என் வண்டியும் எத்தனை நாளைக்குத்தான் புகையே விடும்? பூ வாசம் விடட்டும்.”

வேலிக்கு அப்பாலிருந்து வந்த அந்தக் கேள்விக்குப் பிறகு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் நான் மோட்டார் ரூமுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். அங்கே, நடும்போது சிந்திய ஏழாம் நம்பர் விதையில் முளைத்த ஒரு செடி மட்டும் தனியாக நின்றது; அதற்கும் நம்பர் எழுதிய பை மாட்டியிருந்தேன். கை சும்மா இருக்காமல் அதை மட்டும் ஒற்றிவிடுவேன். பிள்ளைகள் போய் முடிவதற்குள் சித்தி களையெடுக்கக் கூப்பிட்டுவிடுவாள். வேலியோர வரிசையை நாளைக்குச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விடுவேன். பூ நாளைக்குக் காத்திருக்காது என்பது எனக்குத் தெரியாததல்ல.

அறுவடையில் குட்டச்சியின் விதைகளை அக்கா விரலால் நசுக்கிப் பார்த்தார். ஒவ்வொன்றும் சப்பென்று அமுங்கியது. பதர்.

“வெயில் தாங்கல” என்றார்.

“இந்த வெயில்ல மனுசனே பதராப் போறான். பூ என்ன பண்ணும்?” என்றாள் சித்தி.

அக்கா என் தோளைத் தட்டினார். “நீ ஏன்டி அழற மாதிரி நிக்கிற? நீதான் ஒருநாள் விடாம ஒத்தி விட்டியே. உன் மேல தப்பில்ல.”

நான் தலையாட்டினேன். வாய் பொய் சொல்லவில்லை, தலை சொல்லிவிட்டது.

சாயங்காலம் அக்கா ஆபீஸ் அறையில் தனியாக உட்கார்ந்து, ஏழாம் நம்பர் வேண்டாம் என்று மேலிடத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். நான் மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஓடினேன். யார் கண்ணிலும் படாமல் அந்தச் செடி காய்ந்து நின்றது. பூவைப் பையோடு அறுத்துக்கொண்டு வந்து மேஜையில் வைத்தேன்.

அக்கா பையில் எழுதியிருந்த ஏழைப் பார்த்தார். விதையை நசுக்கினார். அது அமுங்கவில்லை. நகத்தால் கீறியதும் விரலில் எண்ணெய் மினுங்கியது. முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

“எங்கடி இருந்தா இவ?”

“மோட்டார் ரூமுக்குப் பின்னால.”

“அங்க சுவரு வெக்கையும் சேந்து அடிக்குமே. அங்கயே தாங்கிருக்கான்னா...” சிரிப்பு பாதியில் நின்றது. “அப்போ மத்ததெல்லாம் ஏன்டி பதராச்சு?”

சொல்லத்தான் வந்தேன். அப்போது வேலிக்கு அப்பால் பேச்சும் சிரிப்பும் கேட்டன. பள்ளிக்கூடம் விட்டிருந்தது. நான் நினைக்கவேயில்லை, உடம்பு தானாகக் குனிந்து ஜன்னலுக்குக் கீழே பதுங்கியது.

நிமிர்ந்தபோது அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னல் வழியே சீருடைகளைப் பார்த்தார். அப்புறம் அந்த வேலியோர வரிசையை, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை.

எழுதிய தாளை நான்காகக் கிழித்தார். பூவைத் தன் துப்பட்டாவில் சுற்றி, ஒரு விதைகூட உதிராமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். தினமும் “வரேன்டி தேனீ” என்று சொல்லிவிட்டுப் போகிறவர், என்னைத் தாண்டிப் படியிறங்கிப் போனார்.