குறிப்புக் கட்டம்

எச்.ஐ.வி. திட்டத்துக்காக வெளிநாட்டு நிதியில் எழும்பிய புதுக் கட்டடம், பழைய பிரசவ வார்டை ஒட்டியே இருந்தது. அங்கே ஏசி, ஜெனரேட்டர், ரத்த அணுக்களை எண்ணும் மெஷின். இங்கே ஒரு நர்ஸம்மா, பூட்டிக் கிடக்கும் ஒரு லேப். லேப்காரர் நல்ல சம்பளம் என்று திட்டத்துக்கே போய்விட்டார்.

திட்டம் கொடுத்த மாத்திரைகளால் எழுந்து நடமாடியவர்கள் ஏராளம். நர்ஸம்மாவுக்கு அதில் வழக்கே இல்லை. அவள் வழக்கு திட்ட மேலாளரோடு. எதைக் கேட்டாலும் "நம்பர் இருக்கா?" என்பார், ஆஸ்பத்திரியே அவரை நம்பர் சார் என்றுதான் சொல்லும்.

போன வருஷம் அவள் தங்கை நிறைமாதமாக, வெளுத்துப்போய் வந்தாள். ரத்த அளவு எழுதிய சீட்டு இல்லாமல் ரத்த வங்கி அசையாது. அந்த மெஷினில் இரண்டே நிமிஷ வேலை. நம்பர் சார் கையை விரித்தார்.

"திட்ட நம்பர் இல்லாம மெஷின் ஏத்துக்காதும்மா. உன் தங்கச்சிக்கு எச்.ஐ.வி. இருந்திருந்தா இந்நேரம் பாத்திருப்பேன்."

வெளி லேபிலிருந்து சீட்டு வருவதற்குள் தங்கை போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இனி பதிவேடு எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும். பழி வளர்ந்தது அதற்குள்தான். பிரசவத்துக்கு வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் எச்.ஐ.வி. சோதனை செய்வது நர்ஸம்மாதான். ஆளுக்கு ஒரு வரி: வயது, தேதி, முடிவு. கடைசியில் 'குறிப்பு' என்று அகலமாக ஒரு கட்டம். அதில் யாரும் எழுதுவதில்லை. மாதக் கடைசியில் நம்பர் சார் வருவார். வரிகளை மட்டும் எண்ணுவார். 'மேலே உள்ள அனைத்தையும் சரிபார்த்தேன்' என்று அச்சிட்டதன் கீழே கையெழுத்துப் போடுவார். அந்த எண்ணிக்கைதான் கடல் தாண்டிப் போய் அடுத்த வருஷ நிதியாகத் திரும்பும்.

தங்கையின் வரியில் தொடங்கி, நர்ஸம்மா அந்தக் கட்டத்தை நிரப்பிக்கொண்டே வந்தாள். மாதாமாதம் கீழே கையெழுத்தும் விழுந்துகொண்டே வந்தது.

தணிக்கைக்கு வந்த அதிகாரி அம்மாள் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார்.

"சார், இதைப் படிச்சீங்களா? 'ரத்தச் சோதனை கேட்டேன். திட்ட நோயாளி இல்லை என்று மறுத்தார்கள். தாய் இறப்பு.' கீழ உங்க கையெழுத்து."

நம்பர் சார் பதிவேட்டை எட்டிப் பார்த்தார். "படிக்காமப் போட்டுட்டேன் மேடம்."

"அப்போ நீங்க அனுப்பின எண்ணிக்கையெல்லாம்? அதுவும் பாக்காமதானா?"

"ஐயோ, இல்ல மேடம்! ஒவ்வொரு வரியும் சரிபார்த்துதான்..."

"அப்போ இதுவும் தெரிஞ்சேதான்."

நர்ஸம்மா வைத்த பொறிக்கு இரண்டு வாசல். இரண்டும் உள்பக்கம்தான் திறக்கும்.

நம்பர் சார் குரலைத் தாழ்த்தினார். "சிஸ்டர், வார்டுக்கு மெஷின் வேணும்னா இன்னைக்கே ஏற்பாடு..."

"அதை மேடம் பாத்துப்பாங்க. நீங்க ஒரு வருஷமாப் படிக்காததைப் படிங்க சார். கொஞ்சம் சத்தமா."

அதிகாரி அம்மாள் பேனாவைத் திறந்தார். நம்பர் சார் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் அடுத்ததைப் புரட்டிக் கொடுத்தது நர்ஸம்மாதான். அவளுக்கு எந்த அவசரமும் இல்லை.