புத்தரின் தோளில் காரை உதிர்ந்த கதை

1

நான் படியெடுத்த மறுநாளே புத்தரின் தோள் காயம் தானாக ஆறிவிட்டது. சீனப் பாலைவன ஊரான எங்கள் துன்ஹுவாங்கில் இதை நம்புகிறவர் எவருமில்லை. நம்பாதவர்களுக்குத் தலைவி என் மனைவி லிங்ஹூ. நேற்று நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே சவால் விட்டாள்: "எங்க, அதை எழுதிக் காட்டு பார்ப்போம். எழுதினா பொய் பல்லிளிச்சிடும்." இந்தக் கதை பிறந்தது அப்படித்தான்.

2

முதல் தொடக்கம்: 'பனி கொட்டிய ஓர் இரவில், பாலைவனம் முழுவதும்...' வேண்டாம். அது கோடைக்காலம். வெளியே மணல் கொதித்தது. குகைக்குள்ளோ குளிரில் பஞ்சுக்கோட்டு போட்டுக்கொண்டு நடுங்கினோம்.

இரண்டாம் தொடக்கம்: குகைச் சுவரோவியங்களைத் தாளில் படியெடுப்பது எங்கள் தொழில். பட்டறைக்கு ஒரே சட்டம்: சுவரில் இருப்பது இருக்கிறபடி. விரிசலென்றால் விரிசல், புகைக்கறையென்றால் புகைக்கறை. மூக்கு உதிர்ந்த தேவதைக்கு மூக்கு வைக்கக் கூடாது. (வேலைக்காலம் முழுக்க ஒரு முடிகூடக் கூட்டி வரையாதவன் நான். ஓய்வுபெற்ற பிறகு ஓரிரு ஒட்டகம் கூட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.*)

* ஏற்கெனவே ஒன்று கூட்டிவிட்டேன். எங்கே என்று சொல்வதாக இல்லை.

3

அந்தக் கோடையில் நான் படியெடுத்த குகையில், சுவரின் கீழ்வரிசை முழுக்க ஒட்டக வணிகர்கள், பாலையை உயிரோடு கடக்க வேண்டிக்கொண்டு ஓவியத்துக்குப் பணம் கொடுத்தவர்கள். மேலே புத்தர். வாசலில் கண்ணாடி வைத்து வெயிலை உள்ளே திருப்பினேன். புகையேறிய தோளில், சின்னப் பாப்லர் மர இலை அளவுக்குக் காரை உதிர்ந்த பழுப்புத் திட்டு. அதை எப்படி வரைந்தேன் தெரியுமா? தாளிலிருந்து மண் கொட்டுமோ என்று ஈக்கள்கூட ஒதுங்கிப் பறந்தன.

மறுநாள் காலை, படியைச் சுவரோடு ஒப்பிட லிங்ஹூ வந்தாள். அப்போது அவள் என் மனைவி இல்லை. பட்டறையே பயந்த சரிபார்ப்பாளர்.

"சுவோ, தோள்ல இது என்ன?"

"காரை உதிர்ந்த இடம்."

"எங்க உதிர்ந்திருக்கு? காட்டு."

பார்த்தேன். தோள் முழுசாக இருந்தது.

"நேத்து இருந்துச்சு."

"நேத்து உதிர்ந்தது ராத்திரியோட ராத்திரியா ஒட்டிக்கிச்சா? வர்ணத்தைக் கொட்டிட்டு மறைக்கப் பார்க்கிறியா?"

பட்டறைத் தலைவர் யின் வந்தார். சுவரைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "ஆயிரம் வருஷம் மணல் செய்யாததை நீ செஞ்சுட்டியேப்பா! இல்லாத காயத்தைப் போடுற கைக்கு இங்க வேலை இல்லை. நாளையிலேர்ந்து வாசல்ல டிக்கெட் கிழி."

எனக்குத் தெரிந்தது தூரிகை ஒன்றுதான்.

4

ஆனால் மறுநாளே யின் கூப்பிட்டு, "போ, தூரிகையை எடு" என்றார். காரணம் சொல்லவில்லை. சாகும்வரை சொல்லவில்லை. ஆகவே மூன்று முடிவுகள் தயார்:

அ. புத்தர் யின் கனவில் வந்து, துணியை விலக்கித் தோள் தழும்பைக் காட்டினார்.

ஆ. கீழ்வரிசை வணிகர்கள் ஒட்டகத்திலிருந்து இறங்கி வந்து, ஒருமித்த குரலில்...

இ. என் தூரிகையின் சக்தி கண்டு நடுங்கிய யின்...

"நிறுத்துய்யா!" முதுகுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள் லிங்ஹூ.

"அப்ப முடிவை நீயே சொல்லேன்."

முலாம்பழ விதையைத் துப்பிவிட்டு உட்கார்ந்தாள். "உன்னை டிக்கெட் கிழிக்கச் சொன்ன அன்னைக்கு மத்தியானம் கண்ணாடியை எடுத்துக்கிட்டுத் தனியாப் போனேன். நீ புளுகன்னு நிரூபிக்கத்தான். அந்தத் திட்டு, புத்தருக்குப் பக்கத்துல நிக்கிற போதிசத்துவர் கன்னத்துல இருந்துச்சு."

"கன்னத்திலயா?"

"கிட்டப் போய் ஊதினேன். பறந்து வந்து என் கோட்டுக் கழுத்துக்குள்ள பூந்துடுச்சு. அந்துப்பூச்சி! நான் போட்ட கூச்சல்ல யின் ஓடி வந்தார். பூச்சிக்குப் பயந்து கத்தினதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னு அவர் கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா? அதைக் கழுகாக்கி ஊர் பூரா பறக்க விட்டிருப்ப."

அதுவும் சரிதான். வாசகரே, பூச்சியோ கழுகோ, உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு முடிவே தேவையில்லை. இத்தனை வருடம் நெஞ்சிலிருந்த கல் உருண்டு போய்விட்டது. என் கண்ணையே நான் சந்தேகித்திருக்கிறேன். அதை மட்டும் எவரிடமும் சொன்னதில்லை.

"அப்ப என் தாள்ல இருந்தது..."

"இருந்துச்சுய்யா, சுவர்லயும் இருந்துச்சு. நீ பார்த்ததைத்தான் வரைஞ்ச."