வாய் நிறையத் தண்ணீர்

அந்த வாரம் முழுவதும் ஒரு குதிரை வண்டி மைக் கட்டிக்கொண்டு தருமபுரித் தெருக்களில் சுற்றியது. கால்பந்துப் போட்டிக்கான விளம்பரம். அணிகளின் பெயர்களைவிட ஒரு வாக்கியத்தைத்தான் அதிகம் சொன்னார்கள். "உலகக் கோப்பையில் காட்டுவதைப் போலவே, தவறாக ஆடுபவருக்குச் சிவப்பு அட்டை காட்டப்படும்."

எழுபத்தாறாம் வருஷம். அதுவரை எங்கள் மைதானத்தில் ஒருவனை வெளியேற்ற வேண்டுமென்றால் ரெஃப்ரி பக்கத்தில் கூப்பிட்டு, வெளியே கையைக் காட்டுவார். அட்டையை யாரும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று ஊருக்கு ஆசை வந்துவிட்டது. அரையிறுதியில் அந்த ஆசையை என்னை வைத்துத் தீர்த்துக்கொண்டார்கள்.

நான் மில் அணியின் இடதுபுறத் தடுப்பாட்டக்காரன். பந்து விளையாடுவதற்காகவே மில் எங்களைச் சம்பளத்துக்கு வைத்திருந்தது. காலையில் பயிற்சி, பகலில் நூற்புப் பிரிவில் பேருக்கு ஒரு வேலை. எல்லோரும் டெம்பரவரி. இந்தப் போட்டி முடிந்ததும் மூன்று பேரைப் பர்மனென்ட் ஆக்கி, மில் லைனில் ஆளுக்கொரு வீடும் கொடுப்பதாக அணியின் செயலாளர் வெங்கடாசலம் சொல்லியிருந்தார். அந்த மூவரில் நான் ஒருவன்.

நானும் என் மனைவி அமீனாவும் அவளுடைய அண்ணன் வீட்டில், அவருடைய கடைச் சரக்கு மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவில் படுத்துக்கொண்டிருந்தோம். அங்கே நாங்கள் சத்தமாகப் பேசிக்கொண்டதே இல்லை. பேசாமலே இருந்து அது பழகியும் போயிருந்தது. அமீனா மட்டும் ஒருநாள் தனியாகப் போய் மில் லைன் வீடுகளை வெளியில் நின்று பார்த்துவிட்டு வந்தாள். சமையலறை ஜன்னல் கிழக்கே பார்த்திருக்கிறது என்றாள்.

அது ரமலான் மாதம். முந்தைய வருஷமும் போட்டி நோன்பில்தான் வந்தது. அப்போது எங்கள் கோல் கீப்பர் முனாப். நோன்பா என்று வெங்கடாசலம் கேட்டபோது ஆமாம் என்று உள்ளதைச் சொன்னான். வயிறு காய்ந்தவனை நம்பி கோலை விட முடியாது என்று போட்டி முழுவதும் அவனை வெளியே உட்கார வைத்தார்கள். உட்கார்ந்திருந்தவனுக்கு எதற்கு வேலை என்று பிறகு அதையும் எடுத்துவிட்டார்கள். முனாப் இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறான்.

இந்த வருஷம் வெங்கடாசலம் என்னிடம் கேட்டார்.

"ரஷீத், நோன்பு கீன்பு ஒண்ணும் இல்லையே?"

"இல்லைங்க சார்."

"உன் நல்லதுக்குத்தான் கேக்கறேன். முனாப் மாதிரி பண்ணிடாத."

நான் ஒரு நோன்பையும் விடவில்லை. இடைவேளையில் அவர் கையாலேயே தரும் ஆரஞ்சுச் சுளைகளை வாய்வரை கொண்டுபோய், குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டுவது போலக் காலுறைக்குள் தள்ளினேன். இரண்டாம் பாதியில் ஓடும்போது சுளை நசுங்கிச் சாறு கணுக்காலில் ஒழுகும். அந்தச் சாற்றோடு ஓடுவது எனக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் ஓடினேன்.

அரையிறுதி கிருஷ்ணகிரி அணியோடு. அவர்களுடைய வலதுபுற ஆட்டக்காரன் அர்ச்சுனன்தான் என் எதிராளி. மெலிந்தவன், வாய் ஓயாதவன். என் உதட்டைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"என்னா பாய், உதடு வெடிச்சிருக்குது? எச்சில முழுங்கலாமா, அதுக்கும் தடையா?"

"பந்தப் பாரு. என் உதட்ட என்னாத்துக்குப் பாக்கற?"

"பந்துதான் உங்க கால்ல மாட்டவே மாட்டேங்குதே."

ஒருமுறை தோளில் இடித்தான். நானும் திருப்பி இடித்தேன். ரெஃப்ரி சவுரியப்பன் இருவரையும் கூப்பிட்டு விரலை ஆட்டினார். சேலத்திலிருந்து வந்தவர். இஸ்திரி போட்ட கறுப்புச் சட்டை. அதன் பாக்கெட்டில்தான் ஊரே பார்க்க வந்த அட்டை இருந்தது.

இரண்டாம் பாதியில் பந்து கோட்டைத் தாண்டிப் போனது. கையால் எறிய நான் போனேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் கூட்டத்தில் முனாப் நின்றிருந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு சொம்பை நீட்டினான். நோன்பாளி வாயைக் கொப்பளிக்கலாம், விழுங்கத்தான் கூடாது. வாய் நிறையத் தண்ணீர் வாங்கினேன். நாக்கு அதைத் தொட்டதும் தொண்டை தானாகத் திறந்தது. அதை அடக்கிக்கொண்டு திரும்பித் துப்பினேன். அர்ச்சுனன் நான்கடி தள்ளி நின்றிருந்தான். தண்ணீர் அவன் பூட்ஸுக்கு முன்னால் மண்ணில் விழுந்தது.

விசில் ஒலித்தது. சவுரியப்பன் எனக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தார். என்னவென்று புரியும் முன்பே கூட்டம் கத்தத் தொடங்கிவிட்டது.

"அட்டை! அட்டை! அட்டை!"

"எதிராளி மேல துப்புறியா?" என்றார்.

"எச்சில் இல்லைங்க. தண்ணி."

"தாகத்துக்குத் தண்ணி வாங்கினவன் துப்புவானா?"

அதற்கான பதில் என் நாக்கில் இருந்தது. ஆனால் கோட்டருகே, சொன்னால் கேட்கும் தூரத்தில், வெங்கடாசலம் நின்றிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

சவுரியப்பன் பாக்கெட்டில் கைவிட்டார். அட்டை மாட்டிக்கொண்டது. இரண்டாவது இழுப்பில் வந்தது. கல்யாணப் பத்திரிகை அளவுகூட இல்லை. அதைத் தலைக்குமேல் தூக்கி, மைதானத்தின் நாலு பக்கமும் தெரியும்படி ஒரு சுற்றுத் திரும்பினார். விசிலும் கைதட்டலும் அடங்க வெகுநேரமானது. யாருக்கும் என்மேல் வெறுப்பில்லை. நான் என்ன செய்தேன் என்றுகூட யாரும் கேட்கவில்லை. குதிரை வண்டி சொன்னது நடந்துவிட்டது, அவ்வளவுதான். அவர்கள் என்னை வெறுத்திருந்தால்கூட எனக்கு இத்தனை கோபம் வந்திருக்காது.

பத்துப் பேரோடு ஆடி எங்கள் அணி ஒரு கோலில் ஜெயித்தது. மறுநாள் ஞாயிறு மாலை இறுதிப் போட்டி. காலையில் கமிட்டி விசாரணை.

கமிட்டி அறை வாசலில் வெங்கடாசலம் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"இத பாரு. கோவத்துல துப்பிட்டேன், மன்னிச்சிருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. இன்னைக்கு மேட்ச் ஒண்ணுதான் போகும். மானேஜர்கிட்ட நான் பேசிட்டேன். வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

"அவன் மேல நான் துப்பலைங்க சார்."

"துப்புனியோ துப்பலையோ, அது கெடக்குது. சொல்லிடு. வூடு வேணுமா வேணாமா?"

உள்ளே போனோம். நீண்ட மேஜை. கமிட்டித் தலைவர் நடுவில் இருந்தார். ஒரு பக்கம் சவுரியப்பன். இன்னொரு பக்கம், பாதிக்கப்பட்டவன் என்ற முறையில் அர்ச்சுனன். எமர்ஜென்சி நடந்த அந்த வருஷம் பெரிய மனிதர்கள் எல்லோர் வாயிலும் ஒரே சொல்தான் இருந்தது. தலைவரும் அதில்தான் ஆரம்பித்தார்.

"நாட்டுலயே இப்ப ஒழுங்கு வந்திருக்குது. கிரவுண்டுல மட்டும் வராதா?"

டீ வந்தது. ஆளுக்கொரு கிளாஸ். என் முன்னாலும் ஒன்று வைத்தார்கள்.

அர்ச்சுனனைக் கேட்டார்கள். அவன் எழுந்து நின்று தலையைச் சொறிந்தான்.

"என் மேல ஒண்ணும் படலைங்க. கீழதான் விழுந்துச்சு. தண்ணிதாங்க அது. எச்சில் அத்தனை எங்கிருந்து வரும்?"

ஒருவர் சிரித்தார். சவுரியப்பன் சிரிக்கவில்லை. "படணும்னு அவசியமில்லீங்க. எதிராளியப் பாத்துத் துப்பினாலே போதும். ரூல் அது."

"நீ என்னப்பா சொல்ற?" என்று தலைவர் என்னைக் கேட்டார்.

நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடை கட்டத் தொடங்கியிருந்தது. மற்ற கிளாஸ்கள் எல்லாம் காலி. செய்யாததைச் செய்தேன் என்று சொல்ல வேண்டும், பிறகு இந்த டீயையும் குடிக்க வேண்டும். கிழக்கு ஜன்னல் நினைவுக்கு வந்தது. யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். என் ஒருவன் வாயிலிருந்து ஒரு பொய்யை வாங்க இத்தனை பேர் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றியது.

"நான் நோன்புங்க," என்றேன். "தண்ணிய முழுங்கக் கூடாது. அதான் கொப்பளிச்சுத் துப்பினேன்."

வெங்கடாசலம் மெதுவாகத் திரும்பினார்.

"நோன்பு இல்லைன்னு எங்கிட்ட சொன்னியே?"

"சொன்னேங்க."

"ஆரஞ்சு குடுத்தேனே?"

"திங்கலைங்க."

அவர் முகம் சுருங்கியது. என்னைக் கைவிட அவருக்கு அந்தச் சுளைகள் போதுமானவையாக இருந்தன. தலைவர் ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டவரைப் போல நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்.

"மில்லுல பொய் சொன்னவன் இங்க மட்டும் உண்மை சொல்றான்னு எப்படிப்பா நம்பறது?"

நான் சவுரியப்பனைப் பார்த்தேன். அவர் என் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை நான் பார்த்தேன். அவர் சொல்ல வேண்டியது ஒரே வரி. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரெஃப்ரி முடிவு முடிவுதாங்க," என்றார்.

வெளியே வந்ததும் வெங்கடாசலம், "நாளையிலருந்து மில்லுக்கு வர வேணாம். இதை நான் உனக்குப் பண்ணல, நீயே பண்ணிக்கிட்ட," என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

அமீனாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"மன்னிப்பு கேட்டிருந்தா வூடு கெடைச்சிருக்குமா?"

"கெடைச்சிருக்கும்."

முறம் நின்றது. பிறகு மறுபடியும் ஆடியது. "கடைசியில உண்மைய சொல்றதா இருந்தா, மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல," என்றாள். எழுந்து மைதானத்துக்குப் போனேன்.

ஓசூர் அணியோடு இறுதிப் போட்டி. என் இடத்தில் மாது ஆடினான். பாலக்கோட்டுக்காரன், அந்த வருஷம்தான் மில்லுக்கு வந்தவன். என் சட்டையைத்தான் அவனுக்குக் கொடுத்திருந்தார்கள். தொளதொளவென்று இருந்தது.

ஆட்டம் தொடங்கும் முன் சவுரியப்பன் கயிற்றருகே என்னைத் தேடி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தண்ணிதான்னு காலையில புரிஞ்சுதுங்க. நேத்து எனக்குத் தெரியல. மனசுல வெச்சுக்காதீங்க."

"காலையில ஏன் சொல்லல?"

"மொதல் அட்டைங்க அது. அதையே தப்புன்னு சொல்லிட்டா, நாளைக்கு எவன் மதிப்பான்?"

மேடையில் இருந்த மைக்கைக் காட்டினேன். "அட்டைய ஊருக்கே காட்டினீங்க. இதையும் ஊருக்கே சொல்லுங்க."

அவர் மைக்கைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மைதானத்துக்குள் நடந்து போய் விசில் ஊதினார்.

இரண்டாம் பாதியில், வெயில் இறங்கிக்கொண்டிருந்தபோது, மாது பந்தை எடுத்துக்கொண்டு கோட்டோரமாக வந்தான். ஓசூர்க்காரன் ஒருவன் பந்தைப் பார்க்கவேயில்லை. இரண்டு காலையும் தூக்கி மாதுவின் முழங்காலுக்குக் கீழே பாய்ந்தான். விறகு முறிவது போன்ற சத்தம் எனக்குக் கேட்டது. மாது கத்தவில்லை; காலைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி கிடந்தான்.

"அட்டை! அட்டை!" என்று கூட்டம் எழுந்தது.

இதற்குத்தான் அந்த அட்டை. உலகத்தில் எங்கே காட்டாவிட்டாலும் இங்கே காட்டியே ஆக வேண்டும். சவுரியப்பன் கை பாக்கெட்டுக்குப் போனது. அப்போது அவர் கண் கயிற்றோரம் நின்ற என்மேல் விழுந்தது. கை நின்றது. வெறுமனே வெளியே வந்தது. ஓசூர்க்காரனைப் பார்த்து விரலை ஆட்டிவிட்டு, மில்லுக்கு ஃப்ரீ கிக் என்று கையைக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்.

எனக்கு ஏதோ ஈடு செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். நேற்றைய தப்புக்கு இன்றைக்கு ஒரு தப்பு. அதற்கு விலை மாதுவின் கால்.

கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். யாரும் தடுக்கவில்லை. முனாப் எனக்குப் பின்னால் வந்தான். இருவரும் மாதுவைத் தூக்கினோம். எலும்பு தோலுக்குள் நகர்வது என் கையில் தெரிந்தது.

"அண்ணா, காலு இருக்குதா?" என்றான் மாது.

"இருக்குது. பாக்காத."

கோட்டுக்கு வெளியே அவனைப் படுக்கவைத்தோம். ஆட்டம் தொடர்ந்தது. முனாப் சொம்பைக் கொண்டுவந்து மாதுவுக்குக் கொஞ்சம் புகட்டினான். அந்நேரம் பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. நோன்பு முடிந்தது. முனாப் ஒரு மிடறு குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினான்.

"முழுங்குடா. இனி யாருக்குப் பயம்?"

வாய் நிறைய வாங்கிக்கொண்டேன். பந்து எங்கள் பக்கம் கோட்டைத் தாண்டி வந்தது. அதைத் தொடர்ந்து சவுரியப்பன் ஓடி வந்து, எனக்கு நான்கடி தள்ளி நின்றார். மாதுவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

விழுங்கியிருக்கலாம். பகல் முழுவதும் அந்தத் தண்ணீருக்காகத்தான் தொண்டை காய்ந்து கிடந்தது. அவர் கண்ணைப் பார்த்தபடியே அவர் காலடியில் துப்பினேன்.

சவுரியப்பனின் கை பாக்கெட் வரை உயர்ந்து, அங்கேயே நின்றது. அட்டை காட்டுவதற்கு நான் இப்போது எந்த அணியிலும் இல்லை. நான் வாயைத் துடைத்துக்கொண்டு, அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.