மெல்லக் கலக்கும் கருவி

கே.கே. நகரில் நாஸியா சின்னதாக ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருந்தாள். டெங்குக் காய்ச்சல் பரவிய அந்த வாரம் வாசல்வரை கூட்டம். உக்கிரபாண்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மேசைமேல் இரண்டு ரிப்போர்ட்டுகளை வைத்தார்.

"எம் மகளுக்கு பிளேட்லெட் நாப்பதாயிரம்னு குடுத்தீக. பதறியடிச்சு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். அங்க ஒண்ணே முக்கால் லட்சம்னு வருது. எது நெசம்?"

நாஸியாவுக்குப் புரிந்துவிட்டது. ரத்தம் எடுத்த கையோடு குழாயை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தி, ரத்தம் உறையாமல் இருக்க உள்ளே இருக்கும் மருந்தோடு கலக்க வேண்டும். கூட்டத்தின் அவசரத்தில் கலக்காமல் அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறாள். ரத்தம் பொடிப்பொடியாய்க் கட்டியிருக்கும். அதில் சிக்கிய பிளேட்லெட் அணுக்களை மெஷின் எண்ணியிருக்காது.

"அவுக குடுத்ததுதான் நெசம்ணே. தப்பு எம்மேல" என்றாள்.

உக்கிரபாண்டி ரிப்போர்ட்டுகளை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மதியமே அவள் தம்பி அல் அமீன், லேப் சாமான் விற்கும் கடையிலிருந்து குழாயைக் கலக்கும் கருவி ஒன்றைக் கொண்டுவந்தான். "எதை வச்சாலும் நிமிசத்துல கலக்கிருமாம்க்கா. உருட்டிக் கலக்குற மெஷின் வர ஒரு வாரம் ஆகுமாம்."

நாஸியா தன் ரத்தத்தையே எடுத்து அதில் வைத்தாள். குழாய் கிடுகிடுவென அதிர்ந்தது. பிறகு ரத்தத்தைப் பிரிக்கும் மெஷினில் சுற்றவிட்டுப் பார்த்தாள். மேலே வெளிர்மஞ்சளாய்த் தெளிய வேண்டிய நீர் சிவந்து கிடந்தது.

"அணுவெல்லாம் ஒடைஞ்சிருச்சுடா. இது நமக்கு ஆகாது. உருட்டுறதையே சொல்லிரு."

"அதுவரைக்கும்?"

"கையால கலக்குறேன். பாதிப் பேருக்குத்தான் எடுப்பேன்."

அந்த வாரம் பிளேட்லெட் குறைவாக வந்தவர்களை எல்லாம் போனில் கூப்பிட்டு, மறுபடி வரச் சொன்னாள். பெரும்பாலும் வந்தார்கள். உக்கிரபாண்டியின் தெருக்காரர் மலையாண்டி வரவில்லை. அவர் மனைவி ஒச்சம்மாள்தான் போனை எடுத்தாள்.

"ஒங்க லேப்ல எல்லாம் தப்பா வருதுன்னு உக்கிரபாண்டி அண்ணே சொன்னாக. அதான் இவரை ஆஸ்பத்திரியில சேக்கலை. வீட்லதான் படுத்திருக்காரு."

நாஸியா தம்பியின் பைக்கில் ஏறிப் போனாள். மலையாண்டி சுவரோரம் சுருண்டு படுத்திருந்தார். ஈறெல்லாம் ரத்தம் கசிந்திருந்தது.

"ஈறுல ரத்தம் கசியுது. இவருக்கு வந்த ரிப்போர்ட் சரிதான்மா. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க."

"இதையாச்சும் நம்பலாமா?" என்றாள் ஒச்சம்மாள்.

நாஸியா ஆட்டோ பிடித்து, தானும் கூடவே ஏறிக்கொண்டாள்.

மலையாண்டி பிழைத்துவிட்டார். அவர் வீடு திரும்பியபோது உருட்டிக் கலக்கும் மெஷினும் வந்து சேர்ந்திருந்தது. அடுத்த வாரம் ஒச்சம்மாள் அவரை ரத்தம் பார்க்க எதிரிலிருந்த லேபுக்குக் கூட்டிப்போவதை நாஸியா கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள். திரும்பி, கையிலிருந்த குழாயைப் புது மெஷினில் வைத்தாள்.