செய்னுலாப்தீனின் வலக்கை

செய்னுலாப்தீனின் வலக்கை ஒன்றைப் பிடித்தால் லேசில் விடாது. தேநீர் குடித்து முடித்தும் கோப்பையைக் கீழே வைக்க முடியாமல், அதிலேயே இன்னொரு தேநீர் வாங்கிக் குடித்திருக்கிறார்.

கொழும்பு டொக்டர் விளக்கமாகச் சொன்னார். நரம்பில் நுண்ணிய கதவுகள் உண்டு. வேலை முடிந்ததும் அவை திறந்து நரம்பை அமர்த்தும். கிருமியை அடிக்க வேண்டிய உடம்பின் காவல், ஆள் மாறி அந்தக் கதவுகளை அடிக்கிறது. நரம்பு அடங்காததால் தசை இறுகியே நிற்கிறது. குளிசை தந்தார்.

சம்பந்தி வீட்டாருக்குச் செய்னுலாப்தீன் இதைச் சொல்லவில்லை. மகளின் கலியாணம் நின்றுவிடும் என்று பயம்.

"பரம்பரை வருத்தமில்லையெண்டு டொக்டரே சொன்னார்தானே வாப்பா," என்றாள் மகள் ஸஃப்னா.

"டொக்டரா பொண்ணு எடுக்கிறார்?"

"அப்ப நிக்காஹ்ல உங்கட தம்பி, சாச்சா, கை குடுக்கட்டும்."

"நான் மௌத்தாகினாப் பொறகு குடுக்கட்டும்."

நிக்காஹ்வில் பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் வலக்கையைப் பிடித்தபடி ஒப்புக்கொடுப்பது வழக்கம். செய்னுலாப்தீன் ஒரு வாரம் குசினிக் கதவின் பிடியில் ஒத்திகை பார்த்தார். கை விடாதபோது ஸஃப்னா வந்து, சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தடவிப் பிரிப்பாள். பெருவிரலில் தொடங்கினால் மற்ற நான்கும் இன்னும் இறுகும். இந்தப் பிரிக்கும் முறை வீட்டுக்கு வெளியே எவருக்கும் தெரியாது.

பள்ளிவாசலில் நிக்காஹ் நடத்தும் லெப்பை சொல்லிக்கொடுக்க, செய்னுலாப்தீன் மகளை ஒப்புக்கொடுத்தார். மாப்பிள்ளை நுஸ்கி ஏற்றுக்கொண்டான். எல்லோரும் துஆவுக்குக் கையேந்தினார்கள். மாமனாரும் மாப்பிள்ளையும் மட்டும் ஆளுக்கு ஒரு கையை ஏந்தினார்கள்.

ஆமீன் முடிந்தது. லெப்பை பேனையை நீட்டினார்.

"மாப்புள, ஒப்பம்."

மாப்பிள்ளையின் வலக்கை மாமனாரிடம் இருந்தது.

"கையை விடுங்களேன் நானா," என்றார் மாப்பிள்ளையின் தகப்பன் அத்தாஉல்லா. "தந்தாச்சு, இனி என்ன யோசனை?"

"மகள விட மனமில்ல போல," என்றது பின்வரிசையில் ஒரு குரல். இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள்.

செய்னுலாப்தீன் அந்தக் காரணத்தையே வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் இருப்பது பள்ளிவாசலுக்குள்.

"நான் விட்டுட்டன்," என்றார். "கைதான் விடல்ல. நரம்பு வருத்தம். ரெண்டு வருஷமா இருக்கு."

கண்ணைத் துடைத்தவர்கள் லேஞ்சியை மடித்துப் பைக்குள் வைத்தார்கள்.

"இதை ஏன் முன்னுக்கே சொல்லல்ல?" அத்தாஉல்லாவின் குரல் மாறியிருந்தது.

அப்போது நுஸ்கியின் இடக்கை வந்தது. அது நேரே அவருடைய சுண்டுவிரலுக்குப் போய், மெல்லத் தடவிப் பிரித்தது. பிறகு மோதிரவிரல். பிறகு நடுவிரல்.

செய்னுலாப்தீன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மகள் எப்ப சொன்னா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பொண்ணு பாத்த அண்டைக்கே, மாமா." நுஸ்கி பெருவிரலுக்கு வந்திருந்தான். "என்ட வாப்பாக்குத்தான் நான் சொல்லல்ல."