நாற்பது நாளுக்கு மேல்

“ஈஸ்டர்தான் வந்துருச்சே, அப்பா ஏன்மா இன்னும் ஹால்லயே படுத்திருக்காரு?”

மகள் ஐந்து வயதில் கேட்டது. முதுகுவலி என்று சொல்லிச் சமாளித்தாள் சத்யப்ரியா. அந்தப் பொய்க்கு இப்போது மூன்று வயதாகிறது.

நடந்தது இவ்வளவுதான். இரண்டாவது பிள்ளை ஐந்தாம் மாதத்தில் வயிற்றிலேயே தவறிப்போனது. யார் கை பட்டாலும் அவளுக்குத் தாங்கவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து உபவாச நாட்கள் தொடங்கவிருந்தன. நாற்பது நாள் தனித்தனியே இருந்து ஜெபிப்போமே என்று கணவன் தமிழ்மாறனிடம் கேட்டாள். மறுபேச்சில்லாமல் தலையணையோடு ஹாலுக்குப் போனான். ஈஸ்டர் வந்தது. அவன் வரவில்லை. பொம்பளை தானாகப் போய் எப்படிக் கேட்பது? ஆசையே பாவம் என்பதுபோல் வளர்த்திருந்தார்கள். போனைத் திறந்தால் ஊரிலுள்ள ஜோடிகளெல்லாம் கட்டிப்பிடித்து ரீல்ஸ் போடுகிறார்கள். அவளுக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். சோறு வாங்க நீளும் அந்தக் கை ஒரு நிமிஷம் தன் கைக்குள் இருந்தால் போதும். அவனோ, தினமும் அவனியாபுரம் பட்டறைக்குப் போகுமுன் அவளுடைய வண்டியைத் துடைத்து, டயரில் காற்றுப் பார்த்து, தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டுப் போவான். வெறுத்துப்போனவன் இதையெல்லாம் செய்வானா?

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சபையில் தம்பதியர் கூட்டம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பவுல் அப்போஸ்தலன் சொன்னதை எடுத்துப் பேசினார் போதகர். உடம்பைத் தேவன் வெட்கப்பட்டுக்கொண்டே படைக்கவில்லை, புருஷனும் பெஞ்சாதியும் அன்பில் ஒருவருக்கொருவர் கடன்பட்டவர்கள் என்றார்.

“கடன்னா வட்டி உண்டா பாஸ்டர்?” என்றார் பின்வரிசை மருது. கூட்டம் சிரித்தது.

“வட்டி கெடையாதுண்ணே. ஜெபத்துக்காக ரெண்டு பேரும் பேசிக்கிட்டு கொஞ்ச நாள் பிரிஞ்சிருக்கலாம். திரும்பச் சேரணும்கிறதும் அதே வசனத்துலதான் இருக்கு. நாமதான் பாதியில எந்திரிச்சுப் போயிருறோம்.”

சத்யப்ரியா ஆண்கள் பக்கம் திரும்பினாள். தமிழ்மாறன் ஏற்கெனவே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மகளுக்கு ஆறு மணிவரை பாட்டுப் பயிற்சி. இருவர் மட்டும் வண்டியில் திரும்பினார்கள். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. தண்டவாளத்தைப் பார்த்தபடியே அவன் பேசினான்.

“நீயா சொல்லுவேன்னு இருந்தேன் பிரியா. நானா வந்து, ஒனக்கு வலிச்சிருச்சுன்னா?”

“நீங்க வருவீங்கன்னுல்ல நான் இருந்தேன்.”

“மூணு வருசமாவா?”

“ஆமா. நல்ல கூறுகெட்ட பக்திமானுங்க நாம.”

அவன் முதுகு குலுங்கியது. சிரிக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு அவன் தோளில் கை வைத்தாள். கேட் திறந்த பிறகும் எடுக்கவில்லை.

வீட்டுக்குள் வந்தவன் கட்டில் ஓரத்தில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்தான். பிறக்காத பிள்ளைக்காக அன்றுவரை இருவரும் தனித்தனியாகத்தான் அழுதிருந்தார்கள். அன்று சேர்ந்து அழுதார்கள். தெருவில் தக்காளி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார். அவள் எழுந்து கதவைச் சாத்தினாள்.

கல்யாணத்தன்று சபையில் ஊரைச் சாட்சி வைத்துப் பட்ட கடன் அது. தீர்ப்பதற்குச் சாட்சி தேவைப்படவில்லை.