தொட்டியில் விழுந்த பால் யாருக்குச் சொந்தம்?

எங்கள் பால் கம்பெனிக்கு ஓர் அபூர்வ சக்தி உண்டு. கேனில் நன்றாக இருக்கும் பால், அவர்களுடைய எடைத் தொட்டியில் விழுந்ததும் கெட்டுப்போய்விடும். முதலில் ஊற்ற வேண்டும், பிறகுதான் சோதனை. அங்கே அதுதான் வழக்கம். போன வாரம் இரண்டு முறை என் பாலுக்கு அந்தப் பாக்கியம் கிடைத்தது. மூன்றாவது முறையும் கெட்டால் பால் ஊற்றுவதற்கான என் அட்டையை ரத்து செய்வார்கள். பால் வாங்க வேறு கம்பெனி கிடையாது. நான்கு மாடுகளையும் விற்க வேண்டியதுதான்.

கெட்ட பாலையாவது திருப்பிக் கொடுங்கள் என்று மேலாளரிடம் போய் நின்றேன். ஒப்பந்தத்தைப் புரட்டிக் காட்டினார். தொட்டியில் விழுந்ததும் பால் கம்பெனிக்குச் சொந்தமாம். அப்படியானால் காசைக் கொடுங்கள் என்றேன். கெட்ட பாலின் நஷ்டம் மட்டும் எனக்குச் சொந்தமாம். சொத்துப் பிரிக்கும்போது என் நாத்தனார்கூட இவ்வளவு நியாயம் பார்த்ததில்லை.

அந்தப் பாலை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அன்றே கீழே கொட்டிவிட்டார்களாம். தொட்டிக்கு இருப்பது ஒரே ஒரு குழாய். அது நேராக டேங்கருக்குப் போகிறது.

மறுநாள் காலை என் முறை வந்தது. கேனை இறுக்கி மூடி, அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். இருக்கிற பிழைப்பும் போய்விடும், எழுந்திரு என்று என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று கெஞ்சினார்.

"ஊத்துங்கக்கா," என்றார் சோதனைக்காரர்.

"கேன்லேருந்தே எடுத்துச் சோதிங்க தம்பி. கெட்டிருந்தா என் பாலை நானே வீட்டுக்குக் கொண்டுபோறேன்."

டேங்கர் டிரைவர் ஹாரன் அடித்தார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் தன் கேனையும் மூடி உட்கார்ந்தார். அவரைப் பார்த்து அடுத்தவர். மேலாளர் வந்தார், காலியாக நின்ற டேங்கரைப் பார்த்தார், கேனிலிருந்தே எடுக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சோதனைக்காரர் என் கேனிலிருந்து இரண்டு கரண்டி எடுத்துக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சுட வைத்தார். பால் திரியவில்லை. அன்று வந்த முப்பத்தொரு கேனில் ஒன்றுகூடக் கெடவில்லை. எல்லோர் வீட்டு மாடுகளும் ஒரே நாளில் திருந்திவிட்டன போலிருக்கிறது.

திரும்பி வரும் வழியில் என் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தினார். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அப்ப போன வாரம் ஊத்தினதும் நல்ல பால்தானா?"

கேனை ஒழுங்காகக் கழுவத் தெரியாதவள் என்று தெருவே கேட்கத் திட்டிவிட்டு, இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தவர் அவர். பாலுக்குக் காசு வாங்க எங்கே போய் நிற்பது என்று எனக்கு இப்போது தெரியும். அந்தத் திட்டுக்கும் அந்த இரண்டு நாளுக்கும் யாரிடம் போய் நிற்பது?